முதல் கவளத்துக்கு முன்னே உப்பு

விருந்து இலையின் இடப்பக்க ஓரத்தில் சிறிது உப்பு வைப்பது நம் வழக்கம். வேண்டியவர் தொட்டுக்கொள்ளட்டும் என்பதற்காக வைக்கப்படுவது அது. ஆயினும் பல வீடுகளில் அந்த ஓரத்து உப்போ, மேசைமேல் உள்ள உப்புக் கிண்ணமோ, சோற்றில் குழம்பு விழுவதற்கு முன்பே கைக்கு வந்துவிடுகிறது. ஒரு கவளம்கூட இன்னும் வாய்க்குள் செல்லவில்லை. போதும் என்றோ போதாது என்றோ நாக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் கை தானாக முடிவு செய்துவிடுகிறது. உயர் இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய், கல்லீரல் நோய் ஆகியவற்றுக்கு மருத்துவம் பெற்றுவரும் அன்பர்களும், அவர்களுக்குச் சமைத்துப் பரிமாறுவோரும் இப்பழக்கத்தைச் சற்று விரிவாக அறிந்துகொள்ள வேண்டும் என்று கருதி இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

உணவு ஆலோசனை அறையில் நாங்கள் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு. "நீங்கள் சொன்னபடி அளந்து, குறைத்துத்தான் போடுகிறேன், அவரோ வாயில் வைத்துப் பார்க்காமலே மேலும் அள்ளிப் போட்டுக்கொள்கிறார்" என்று மனைவியர் சொல்வார்கள். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?" என்று கணவர் பதில் தருவார். சில வீடுகளில் இது மாமனாருக்கும் மருமகளுக்கும் இடையே மனத்தாங்கலாகவும் வளர்ந்துவிடுகிறது. சமைத்தவருக்குத் தம் உழைப்பு வீணாயிற்று என்ற வருத்தம். உண்பவருக்குத் தம் தட்டில்கூடத் தமக்கு உரிமை இல்லையா என்ற கோபம். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆகவே உண்பவரைக் குற்றம் சொல்வதோடு நிற்காமல், நடப்பது என்னவென்று முதலில் பார்ப்போம்.

உப்பு உடலுக்குள் சென்று செய்யும் வேலையை விளக்க, உங்களில் பலர் படுக்கையருகே கண்டிருக்கும் சலைன் பாட்டிலே போதும். அதன்மேல் 0.9 சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பு என்பது அதன் பொருள். அரை லிட்டர் பாட்டிலில் நாலரைக் கிராம். நம் இரத்தத்தின் உப்புச் செறிவுக்கு நெருக்கமாக இருப்பதால்தான் அந்தக் கரைசலை நரம்பில் ஏற்ற முடிகிறது. இதைத் திருப்பிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். சிறுநீரகத்தால் வெளியேற்ற இயலாத நாலரைக் கிராம் உப்பு உடலில் தங்கினால், அது தன் செறிவைச் சமன்செய்ய ஏறத்தாழ அரை லிட்டர் நீரையும் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும். உப்பு மிகுந்தால் தாகம் எடுக்கும். நாமும் நீர் அருந்துவோம். நலமான சிறுநீரகம் மிகுதியைச் சில நாட்களுக்குள் சிறுநீரில் கழித்துவிடும். தளர்ந்த இதயமும் பழுதுற்ற சிறுநீரகமும் அவ்வாறு செய்ய மாட்டா. அந்த நீர் முதலில் கணுக்காலில் வீக்கமாகத் தெரியும். பிறகு படுத்தால் மூச்சு முட்டும். காலையில் நீர்மாத்திரை செய்த வேலையை மாலைத் தட்டில் விழும் உப்பு அழித்துவிடுகிறது என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

உலக சுகாதார நிறுவனம் வயது வந்தோருக்கு நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது. தேக்கரண்டி ஒன்றில் தலை தட்டி அளந்தால் அவ்வளவுதான் இருக்கும். அதே நிறுவனம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலக மக்கள் சராசரியாக உண்பது 10.8 கிராம், அதாவது வேண்டியதைப் போல இரு மடங்குக்கும் மேல். சீட்டுகளில் சில வேளை "சோடியம் 2000 மில்லிகிராம்" என்று மருத்துவர் எழுதியிருப்பார். அதைக் கண்டு குழம்ப வேண்டாம். உப்பின் எடையில் ஐந்தில் இரு பங்குதான் சோடியம். ஆகவே 2000 மில்லிகிராம் சோடியமும் 5 கிராம் உப்பும் ஒன்றே.

இனி அந்தக் கையின் கதைக்கு வருவோம். சுவைக்குமுன் உப்பிடுதல் நம்மிடையே வேரூன்றியதற்குச் சில காரணங்கள் இருக்கின்றன. பெரும்பாலான நம் வீடுகளில் சோற்றை உப்பின்றி வடிக்கிறோம். உப்பு முழுவதும் குழம்பிலும் கூட்டிலும் பொரியலிலும் இருக்கிறது. வெறும் சோற்றைப் பார்த்தவுடன் "இதில் உப்பில்லை" என்று கை நினைத்துக்கொள்கிறது. குழம்போடு பிசைந்தபின் உப்பு தானே வந்து சேரும் என்பது அதற்குத் தெரியாது. இன்னொன்று, இறைவனுக்குப் படைத்தபின் உண்ணும் வீடுகளில் சமைப்பவர் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை, கைத்திட்டமாகவே உப்பிடுவார். ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். குறைந்த நாளில் கூட்டிக்கொள்ளத் தொடங்கிய பழக்கம், பின்னர் குறையாத நாளிலும் தொடர்கிறது. தயிர்சாதத்துக்கும் மோருக்கும் கையால் உப்பிட்டுக்கொள்வது வேறு. இப்படி நாளுக்கு இருமுறை மும்முறை, நாற்பது ஐம்பது ஆண்டுகள் செய்துவந்த ஒன்றை, கை யாரையும் கேட்டுச் செய்வதில்லை.

இது நம்மவருக்கு மட்டும் உரியதன்று. 1983-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், துளையிட்ட உப்புக் குப்பியைக் கொண்டு உணவில் உப்பு தூவும் மக்களைக் கவனித்தார்கள். அவர்கள் தூவிய அளவு நாக்கின் தேவையைப் பொறுத்திருக்கவில்லை. குப்பியின் மூடியில் இருந்த துளைகளின் பரப்பைப் பொறுத்தே இருந்தது. துளை பெரிதானால் உப்பும் மிகுந்தது. அர்ஜென்டினாவின் புவெனஸ் அய்ரஸ் மாகாணத்தில் 2011 முதல் உணவகங்களின் மேசைகளிலிருந்து உப்புக் குப்பிகளை எடுத்துவிட்டு, கேட்பவருக்கு மட்டும் கொண்டுவந்து தரும் முறையை ஏற்படுத்தினார்கள். கேட்க வேண்டும் என்றால் சிந்திக்க வேண்டும். சிந்திக்க வேண்டும் என்றால் பலருக்கு வேண்டியிருப்பதில்லை.

இப்பழக்கத்தால் என்ன ஆகும் என்பதைப் பிரிட்டனில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டுகிறது. அதன் முடிவுகள் 2022-இல் ஐரோப்பிய இதய மருத்துவ இதழில் வெளியாயின. அவர்களிடம் கேட்டது எளிய கேள்விதான்: சமையலில் சேர்ப்பதை விட்டுவிட்டு, உண்ணும்போது உணவில் உப்புச் சேர்த்துக்கொள்கிறீர்களா? "எப்போதும்" என்று சொன்னவர்களிடையே, "இல்லை, அல்லது அரிதாக" என்று சொன்னவர்களைவிட உரிய வயதுக்குமுன் இறக்கும் வாய்ப்பு 28 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஐம்பது வயதில் கணக்கிட்டால் ஆண்களுக்கு ஏறத்தாழ இரண்டேகால் ஆண்டும், பெண்களுக்கு ஒன்றரை ஆண்டும் ஆயுள் குறைவு. எப்போதும் உப்பிடுவோரிடம் புகைப்பழக்கம் போன்ற வேறு தீங்குகளும் மிகுந்திருக்கக்கூடும். ஆய்வாளர்கள் அவற்றைக் கணக்கில் கொண்டே இந்த முடிவைத் தந்தார்கள் என்றாலும், இத்தகைய ஆய்வு தொடர்பைக் காட்டுமே தவிர, உப்பு ஒன்றே காரணம் என்று உறுதியாக நிலைநாட்டாது. காய்கனிகளை மிகுதியாக உண்டவர்களிடம் இத்தீங்கு குறைந்து காணப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இங்கே விவரமறிந்த வாசகர் ஒருவர் குறுக்கிடலாம். "நாம் உண்ணும் உப்பில் மேசையில் சேர்ப்பது சிறு பகுதிதானே?" என்று. சரியான கேள்வி. அமெரிக்காவில் 450 பேரைக் கொண்டு நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மேசையில் சேர்த்த உப்பு மொத்தத்தில் 5 சதவீதம் அளவே. 70 சதவீதத்துக்கும் மேல் கடைப்பண்டங்களிலும் உணவக உணவிலும் வந்தது. நம் வீடுகளிலோ பெரும்பகுதி சமையலறையிலேயே சேர்ந்துவிடுகிறது. எனவே குறைக்கும் வேலை சமையலறையில் தொடங்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நோயாளியின் பொருட்டுச் சமையலறையில் ஏற்கெனவே குறைத்துவிட்ட வீட்டில் நிலைமை மாறிவிடுகிறது. அங்கே உப்பு உள்ளே நுழைய மிஞ்சியிருக்கும் பெரிய வாசல், உண்பவரின் கைதான்.

ஆயின் உப்புக் கிண்ணத்தை ஒளித்துவைக்கச் சொல்லப்போகிறோம் என்று எண்ண வேண்டாம். எங்கள் கருத்து அதற்கு ஏறக்குறைய நேர்மாறானது. 1987-இல் வெளியான ஓர் ஆய்வில் 11 பேரின் உணவில் உப்பைப் பாதியளவுக்குக் குறைத்துவிட்டு, மேசையில் மட்டும் உப்புக் குப்பியை வைத்து, விரும்பிய மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். குறைத்ததையெல்லாம் அவர்கள் மேசையில் ஈடுசெய்துகொள்வார்கள் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். அவர்களோ குறைத்ததில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் சமையலறை அனுபவமும் இதனோடு ஒத்துப்போகிறது. குழம்புக்குள் கரைந்த உப்பைவிட உணவின் மேற்பரப்பில் தூவிய உப்பு நாக்கில் நேராகப் படுகிறது. ஆகவே சிறிதளவே மிகுதியாகச் சுவைக்கிறது. சமையலில் நன்றாகக் குறைத்து, மேசையில் அளவோடு, அதுவும் சுவைத்தபின் சேர்த்துக்கொண்டால், மொத்த உப்பும் குறையும். உண்பவரின் உரிமையும் நிற்கும்.

நாங்கள் பரிந்துரைக்கும் முறை இது. மருத்துவர் ஒரு நாளைக்கு எவ்வளவு உப்பு என்று குறித்திருக்கிறாரோ, அதைக் காலையில் அளந்து, மூடியுள்ள சிறு டப்பா ஒன்றில் நோயாளிக்கென்று தனியே போட்டுவையுங்கள். அவர் பங்குச் சமையலுக்கு அதிலிருந்தே எடுங்கள். கால் பகுதியையாவது மேசைக்கென மிச்சம் வைத்து, டப்பாவை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அன்றைக்கு அது தீர்ந்தால் தீர்ந்ததுதான். நாளைக் காலைவரை வேறு இல்லை. யாரும் யாரையும் கண்காணிக்க வேண்டியதில்லை, டப்பாவே கணக்குச் சொல்லும். குடும்பம் முழுவதற்கும் ஒரே பாத்திரத்தில் சமைப்பதாயின் உப்பைக் குறைத்தே சமைத்து, மற்றவர்கள் வேண்டுமானால் தங்கள் தட்டில் சேர்த்துக்கொள்ளட்டும். நோயாளிக்கு மட்டும் தனிப் பாத்திரம், தனிச் சமையல் என்று வைப்பதைவிட இது எளிது. அவர் மனமும் நோகாது. இட்லிமாவில் கலந்த உப்பு, ரொட்டி, பிஸ்கட் ஆகியவற்றில் உள்ள உப்பு எல்லாம் அந்த நாளின் கணக்கைச் சேர்ந்தவையே. ஆகையால் அவற்றை உண்ணும் நாளில் டப்பாவில் சற்றுக் குறைத்துப் போட வேண்டும்.

உங்கள் சிட்டிகை எவ்வளவு என்று நீங்களே கண்டறியலாம். தலைதட்டிய ஒரு தேக்கரண்டித் தூளுப்பை ஒரு காகிதத்தில் கொட்டி, வழக்கமாக எடுப்பதுபோல் விரல்களால் சிட்டிகை சிட்டிகையாக எடுத்து எண்ணுங்கள். பத்துச் சிட்டிகையில் தீர்ந்தால், ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரைக் கிராம். வேளைக்கு மூன்று சிட்டிகை போடுபவர் மூன்று வேளையில் நாலரைக் கிராம் சேர்த்துக்கொள்கிறார் என்று அப்போது விளங்கும். அது நாம் முன்பு பார்த்த அரை லிட்டர் சலைன் பாட்டிலில் உள்ள உப்பு முழுவதும்.

சுவைத்துப் பார்ப்பது என்றால் நாக்கு நுனியில் ஒரு துளி தொட்டுவிட்டு முகம் சுளிப்பதன்று. குழம்பையோ ரசத்தையோ சோற்றில் நன்றாகப் பிசைந்து, பொரியலையும் சேர்த்து, இரண்டு மூன்று கவளம் மென்று விழுங்குங்கள். அதன் பிறகும் வேண்டும் என்று தோன்றினால், முதலில் எலுமிச்சைச் சாறு ஒரு சில துளி, அல்லது மிளகுத்தூள், வறுத்துப் பொடித்த சீரகம் என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். புளிப்பும் காரமும் மணமும் உப்பின் குறையைப் பெரும்பாலும் மறைத்துவிடும். அதற்கும் பிறகு டப்பாவைத் திறக்கலாம்.

முதல் இரண்டு மூன்று வாரம் கடினமாகவே இருக்கும். அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. ஆனால் நாக்கு மாறும். உப்பைக் குறைத்து உண்டவர்களைப் பல மாதங்கள் தொடர்ந்து சோதித்து 1982-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அவர்களுக்குப் பிடித்த உப்பளவே நாளடைவில் குறைந்துவிட்டது தெரியவந்தது. இம்மாற்றத்துக்கு இரண்டு மூன்று மாதங்கள் பிடிக்கின்றன. முன்பு சரியாக இருந்த உணவகக் குழம்பு, அதன்பின் கரிப்பாகத் தோன்றத் தொடங்கும். நாட்களை எண்ணிக்கொண்டு பொறுத்திருங்கள். இடையே ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழையபடி என்று வைத்துக்கொண்டால், பழகிவரும் நாக்கு மீண்டும் பழைய அளவையே நாடும்.

சிலருக்கு நாக்கே உண்மையில் சுவை அறிவதில்லை. இவர்களைப் பிடிவாதக்காரர் என்று வீட்டார் தவறாக எண்ணிவிடுகிறார்கள். முதுமையில் முகரும் திறன் குறைகிறது. அதனோடு உணவின் சுவையும் மங்குகிறது. புற்றுநோய் மருந்துகளும், மெட்ரோனிடசோல் போன்ற மாத்திரைகளும் வாயில் உலோகச் சுவையை ஏற்படுத்துவதுண்டு. உமிழ்நீர் வற்றிய வாயில் உப்பு கரையாது. கரையாத உப்பு சுவைக்காது. உண்பதற்குச் சற்று முன் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் பலருக்குப் பயன் தெரிகிறது. நீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்களும் இதைச் செய்யலாம். அண்மையில் தொடங்கிய மாத்திரைக்குப் பின்னர் சுவை மாறியிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தாமாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

"இந்துப்பு போட்டுக்கொள்ளலாமா, கல்லுப்பு நல்லதா?" என்பது எங்களிடம் வாரந்தோறும் வரும் கேள்வி. இரண்டும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். நிறமும் விலையும் வேறு. உடலில் நீரைப் பிடித்துவைக்கும் வேலை ஒன்றே. சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த மாற்று உப்புகளின் செய்தி வேறு. சீனாவின் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் சிறுநீரக நோயுள்ளவர்களுக்கு அந்த உப்பு ஆபத்தாகலாம். வெளியேறாத பொட்டாசியம் இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். ராமிப்ரில், எனலாப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன், ஸ்பைரனோலாக்டோன் ஆகிய மருந்துகளில் ஒன்றை உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்கவே கூடாது. கடையில் "இதயத்துக்கு நல்லது" என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கிவந்துவிடுகிறார்கள். பொட்டலத்தின் பின்புறத்தில் பொட்டாசியம் என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உப்பு என்ற பெயரில் வராத உப்பும் உண்டு. ஊறுகாய், மோர்மிளகாய், கருவாடு ஆகியவை கெடாமல் இருப்பதே உப்பினால்தான். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியமே. நீரில் போட்டால் நுரைத்துக் கரையும் வலிமாத்திரைகளிலும் வயிற்றுப்பொருமல் பொடிகளிலும் சோடியம் கணிசமாக இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

இவ்வளவும் சொன்னபின் ஓர் எச்சரிக்கை. உப்பை அறவே நீக்கிவிடுவது மருத்துவம் அன்று. உப்பில்லை என்பதால் சோற்றையே வெறுத்து, பாதி வயிறு உண்டு மெலிந்துபோகும் முதியவரைக் கண்டால் எங்களுக்குக் கவலையே மிகுகிறது. அவருக்கு ஒரு சிட்டிகை கூடுதலாகத் தந்து உண்ணவைப்பதா என்பதை மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம். நீர்மாத்திரை உட்கொள்ளும் முதியவர் திடீரென்று சோர்ந்து, பேச்சுத் தடுமாறி, ஆளடையாளம் தெரியாமல் விழித்தால், இரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கக்கூடும். உடனே அழைத்துவர வேண்டும். வயிற்றுப்போக்கு, வாந்தி உள்ளபோது கொடுக்கும் உயிர்காக்கும் கரைசலில் லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு சேர்த்திருப்பது காரணத்தோடுதான். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு எவ்வளவு கரைசல் தரலாம் என்பதைத் தொலைபேசியிலாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் காலையில் சிறுநீர் கழித்தபின், உண்பதற்குமுன், ஒரே எடைக்கருவியில் எடை பார்த்து நாட்குறிப்பில் எழுதிவருக. மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திருக்காமல் எங்களை அழையுங்கள். எடை எழுதும் பக்கத்திலேயே அன்றைய உப்பு டப்பாவில் மிஞ்சியதையும் ஒரு சொல்லில் குறித்துவைத்தால் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

உள்நோயாளிகளுக்கு வரும் தட்டின்மேல் "உப்புக் குறைவு" என்று சீட்டு ஒட்டியிருக்கும். அந்தச் சீட்டைப் படித்ததும், உணவைத் தொடுவதற்குமுன்பே, உறவினர் கைப்பையிலிருந்து உப்புப் பொட்டலம் வெளியே வருவதைச் செவிலியர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தட்டின் உப்பளவை உங்கள் நோய்க்கேற்ப உணவியல் நிபுணர் கணக்கிட்டே அனுப்புகிறார். இரண்டு கவளம் உண்டுபாருங்கள். உண்ண முடியவில்லை என்றால் தட்டை அப்படியே வைத்துவிட்டுச் செவிலியரிடம் சொல்லுங்கள். வேறு துணையுணவோ எலுமிச்சையோ தர இயலுமா என்று கேட்டுச் சொல்வார்கள்.